கடலுக்கு நாம் பட்ட கடன்

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

நம் பங்கு பொன்விழாக் காணும் இந்த நன்னாளிலே, இந்தக் கோவிலை எழுப்பிய முன்னோரை நன்றியோடு நினைக்கின்றோம். அவர்களிடம் பொன் இல்லை, பொருள் இல்லை. அன்றன்றைய மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்கென்று எடுத்து வைத்தார்கள். அந்தக் காசுதான் கல்லாயிற்று, சுண்ணாம்பாயிற்று, மணிக்கூண்டாயிற்று. ஆகவே இந்தக் கோவிலைக் கட்டியது கடல் என்று சொன்னாலும் தவறாகாது. அந்தக் கடலைப் பற்றி இன்று சிறிது நேரம் சிந்திப்போம்.

யூபிலி ஆண்டு என்றால் என்ன என்பதைப் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் எடுத்துக் கூறுகின்றது. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் முழங்க வேண்டும்; அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும்; விற்ற நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும்; நிலத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், யூபிலி என்பது கணக்குத் தீர்க்கும் ஆண்டு. கொடியும் தோரணமும் தேரும் வாணவேடிக்கையும் அதற்குப் பிறகுதான். அப்படியானால், ஐம்பது ஆண்டுகளாக நமக்குச் சோறு போட்ட கடலோடு நமக்குள்ள கணக்கு என்ன?

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். படைப்பு வரலாற்றில் மனிதன் உண்டானது ஆறாம் நாள். கடல்வாழ் உயிர்களும் பறவைகளும் உண்டானது ஐந்தாம் நாள். இறைவன் முதன்முதலாக ஆசி வழங்கியது மனிதனுக்கு அல்ல. அந்த மீன்களுக்கும் பறவைகளுக்கும்தான்! பலுகிப் பெருகும்படி அவர் அவற்றை ஆசீர்வதித்த பிறகே நமக்கு ஆசி கிடைத்தது. நம்மைவிட ஒரு நாள் மூத்த அந்த உயிர்கள் இன்று படும் பாட்டைக் கேளுங்கள்.

பிளாஸ்டிக் என்பது மிகப் பழைய பொருள் அன்று. 1907-ஆம் ஆண்டில் லியோ பேக்லாந்து என்பவர் முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார். 1933-இல் இங்கிலாந்தில் பாலிதீன் பிறந்தது. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டார். 1950-இல் உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 20 இலட்சம் டன். இன்றோ அது ஆண்டுக்கு 40 கோடி டன்னையும் தாண்டிவிட்டது. 2015-ஆம் ஆண்டு வரை கழிவாகிப் போன பிளாஸ்டிக் ஏறத்தாழ 630 கோடி டன் என்றும், அதில் நூற்றுக்கு 9 பங்குதான் மறுபடி உருக்கிப் பயன்படுத்தப்பட்டது என்றும் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மிச்சம் எரிந்தது போக, மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

பிளாஸ்டிக்கை வெறுமனே திட்டுவது நம் நோக்கமன்று. நம் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பருத்தி நூல் வலைக் காலத்தில், கடலிலிருந்து வந்த வலையைக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பனிச்சங்காய்ச் சாறு ஏற்ற வேண்டும். ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்தால் வலை இற்றுப் போகும். அந்தப் பாட்டிலிருந்து நம்மை மீட்டது நைலான். கனம் குறைவு, வலிமை அதிகம், மீன்பாடும் கூடுதல். தங்கூசி வலை நீரில் கண்ணுக்கே தெரியாது. இவை எல்லாம் உண்மை. ஆனால் எந்தக் குணத்துக்காக நாம் அதை விரும்பினோமோ, அந்தக் குணமே இன்று வினையாக நிற்கிறது. அது அழியாது. பருத்தி வலை கடலில் தொலைந்தால் சில மாதங்களில் மக்கிப் போகும். நைலான் வலையோ பல நூறு ஆண்டுகள் கிடக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கடலில் போட்டது காணாமற் போய்விட்டது என்று எண்ணுகிறோம். கண்ணை விட்டுத்தான் போயிற்று, கடலை விட்டுப் போகவில்லை. 2010-ஆம் ஆண்டு என்ற ஒரே ஆண்டில் கரையோர நாடுகளிலிருந்து 48 இலட்சம் டன் முதல் 1 கோடியே 27 இலட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பசிபிக் பெருங்கடலில் மரியானா அகழி என்று ஒன்று உண்டு. உலகிலேயே ஆழமான இடம். அங்கே ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடப்பதை ஆழ்கடல் ஆய்வுப் படங்கள் காட்டின. எந்த மீனவனுடைய தூண்டிலும் எட்டாத இடத்தில் கடைச் சாமான் பை போய்க் கிடக்கிறது!

வெயிலும் அலையும் பட்டுப்பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும், ஆனால் மண்ணாகாது. துண்டு துணுக்காகும், துணுக்கு தூளாகும். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்தத் துகள்களை மீன் விழுங்குகிறது, சிப்பி உறிஞ்சுகிறது. மனித இரத்தத்திலும், தாயின் வயிற்றில் குழந்தையைத் தாங்கும் நச்சுக்கொடியிலும்கூட இத்துகள்களை அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். கடலில் எறிந்தது சட்டி வழியாக நம் இலைக்கே வந்துவிட்டது.

இனி அந்த வாயில்லா ஜீவன்களின் நிலையைப் பார்ப்போம். ஏழுவரி ஆமை என்று நாம் சொல்லும் பேருருவ ஆமைக்குச் சொறிமீன்தான் உணவு. நீரில் மிதக்கும் பாலிதீன் பை அதன் கண்ணுக்குச் சொறியாகவே தோன்றும். ஆமையின் தொண்டைக்குள் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசை வரிசையாக உண்டு. வழுக்கும் இரை வெளியே நழுவாமல் இருக்க இறைவன் வைத்த ஏற்பாடு அது. அதனாலேயே விழுங்கிய பையைத் துப்ப அதனால் முடிவதில்லை. கடலில் சில நாள் கிடந்த பிளாஸ்டிக்கின்மேல் பாசி படர்ந்தால், அதற்கு இரையின் வாசனையே வந்துவிடுகிறதாம். கண்ணும் ஏமாறும், மூக்கும் ஏமாறும். 14 துண்டு பிளாஸ்டிக் விழுங்கிய ஆமை பிழைப்பதும் சாவதும் பாதிக்குப் பாதி என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2018-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அதே 2018-இல் ஸ்பெயின் நாட்டுக் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் 29 கிலோ குப்பை இருந்தது: பைகள், கயிறுகள், வலைத் துண்டுகள். 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ. வயிறு நிறைந்திருந்தும் பட்டினியால் செத்தது அந்தத் திமிங்கிலம். மனித வாடையே குறைந்த மிட்வே தீவில், அல்பட்ராஸ் என்னும் கடற்பறவை கடற்பரப்பில் பொறுக்கிய புட்டி மூடிகளையும் துணுக்குகளையும் இரையென்று எண்ணித் தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது. செத்து உலர்ந்த குஞ்சுகளின் எலும்புக்கூட்டுக்குள் வண்ண வண்ண மூடிகள் கிடக்கின்றன. ஊட்டியது தாய், ஊட்டக் கொடுத்தது நாம்.

பெரியோர்களே, இனிச் சொல்லப்போவது நம் தொழிலைத் தொடும் பேச்சு. கடலில் தொலைந்த வலையைப் 'பேய் வலை' என்கிறார்கள். பெயர் பொருத்தமே. ஆள் இல்லாமல் அது மீன் பிடிக்கிறது. பாரில் சிக்கி அறுந்த வலையில் மீன் மாட்டிச் சாகும். செத்த மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும். நண்டைத் தேடி வேறொன்று வரும். இப்படி இரவும் பகலும், ஓய்வு நாளும் திருநாளும் இன்றி அந்த வலை பிடித்துக்கொண்டே இருக்கும். பிடித்ததை உண்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை. பசிபிக் கடலின் நடுவில் சேர்ந்து மிதக்கும் பெருங்குப்பையை நிறுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அதன் எடையில் 46 விழுக்காடு மீன்பிடி வலைகளே என்று 2018-இல் கண்டது.

நம் அண்டையிலுள்ள மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலான பவளப் பாறைகள் அங்கே உள்ளன. அந்தப் பாறைகளின்மேல் கிடக்கும் குப்பையில் வலைகளே மிகுதி என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வலை போர்த்திய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. அலை அசைக்கும்போது கிளை முறியும். தொட்டில் முறிந்தால் பிள்ளை எங்கே வளரும்?

அந்தக் கடலிலும் பாக் நீரிணையிலும் வாழ்வது கடற்பசு. ஆவுளியா என்றும் சொல்வார்கள். கடற்புல் மேயும் சாதுப் பிராணி. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். பங்குனி ஆமைக்கும் இதே கதிதான். ஆவுளியா ஒரு கன்று ஈன்ற பின் மறு கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஒன்று போனால் ஈடு செய்வது எளிதன்று. அதற்கென்றே 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை போனாலும் போகட்டும் என்று அறுத்து விடுவித்த மீனவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. வலையின் விலை தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் செயலின் அருமை தெரியும்.

எந்த மீனவனும் வேண்டுமென்று நல்ல வலையைத் தொலைப்பதில்லை. நீரோட்டம் இழுத்துப் போகும், பார் பிடித்துக்கொள்ளும், கப்பல் அறுத்துப் போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது வலைகளையும் வள்ளங்களையும் மட்டுமா இழந்தோம்? குமரிக் கரையில் எத்தனை வீடுகளில் ஆண்மக்களையே கடலுக்குப் பறிகொடுத்தார்கள்! எனவே இது குற்றம் சாட்டும் பேச்சு அன்று. தவறி விழுந்ததானாலும் நம்முடையது நம்முடையதுதானே என்று நினைவூட்டும் பேச்சு.

"ஆலைக்காரனும் கப்பல்காரனும் செய்வதற்கு ஏழை மீனவன் என்ன செய்வான்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. அரிசிக் குருணை போன்ற வெள்ளை மணிகள் மேற்குக் கரை எங்கும் குவிந்தன. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நீர்கொழும்புப் பகுதியில் நம்மைப் போலவே கோவிலும் கடலுமாக வாழும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தன. அவர்கள் வாளாவிருக்கவில்லை. மீனவர்களும், சுற்றுச்சூழல் இயக்கத்தாரும், கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகையும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2025 ஜூலையில் அந்நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பு வழங்கியது.

அந்தத் துன்பம் நம் கரைக்கும் வந்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 'எல்சா 3' என்ற கப்பல் 640-க்கு மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களுடன் மூழ்கியது. அதிலிருந்த குருணை கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் ஏறி, சில நாட்களில் குமரி மாவட்டக் கரைக்கும் வந்து சேர்ந்தது. மணலோடு மணலாய்க் கலந்த அதைச் சல்லடை போட்டு அரித்தெடுக்க வேண்டியிருந்தது. கடலுக்கு எல்லைக்கல் கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக் எதையும் கடலில் எறியக் கூடாது என்ற பன்னாட்டுச் சட்டம் 1988 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ளது. பிளாஸ்டிக் உற்பத்தி முதல் கழிவு வரை கட்டுப்படுத்த ஓர் உலக உடன்படிக்கை வேண்டுமென்று 2022-இல் நைரோபியில் நாடுகள் முடிவு செய்தன. ஆனால் 2024-இல் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடியும் உடன்பாடு காணாமலே கலைந்தன. உற்பத்தியைக் குறைக்கச் சில நாடுகளுக்கு மனமில்லை. நீதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். அதற்காகத் தீர்ப்பு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா?

நற்செய்தியில் ஒரு காட்சியைச் சிந்திப்போம். கலிலேயக் கடலருகே ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்தார். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பெருக்கித் தந்தவருக்கு மிச்சத்தைப் பற்றிக் கவலை எதற்கு? ஆயினும் எதுவும் வீணாகாதபடி மீதியைச் சேர்த்தெடுக்கச் சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அற்புதம் செய்தவர் ஆண்டவர். கூடை சுமந்தவர்கள் சீடர்கள். அவர்களுள் மீன்பிடித்தவர்களும் இருந்தார்கள்! விருந்து முடிந்த பின் துப்புரவு செய்வதும் விருந்தின் பகுதியே என்று அன்றே கற்பித்துவிட்டார்.

இதைச் செய்து காட்டியவர்கள் தொலைவில் இல்லை. கொல்லத்துக்கு அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் 'சுசித்வ சாகரம்' என்ற திட்டம் தொடங்கியது. வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் மறுபடி கடலில் தள்ளாமல், கொடுக்கப்பட்ட பையில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பெண்கள் அதைக் கழுவிப் பிரித்தார்கள். அவர்களுக்கு அது கூலி வேலையும் ஆயிற்று. பொடியாக்கிய பிளாஸ்டிக் தாரோடு கலந்து சாலையாயிற்று. அவ்வாறு சாலை போடும் முறையைக் கண்டவர் நம் மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

திருச்சபையும் இதில் வழிகாட்டி நிற்கிறது. அசிசி நகர் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். செப்டம்பர் முதல் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகவும் ஏற்படுத்தினார். 2018-இல் அந்நாளுக்கு அவர் விடுத்த செய்தியில், கடல்கள் மிதக்கும் பிளாஸ்டிக் வெளிகளாக மாற நாம் விடலாகாது என்று வருந்தி எச்சரித்தார்.

ஆகவே, இந்தப் பொன்விழா ஆண்டின் நினைவாகச் சில காரியங்களை நம் பங்கு ஏற்றுக்கொள்ளலாம் என்று பணிவுடன் முன்வைக்கின்றோம்.

முதலாவது, கடற்கரையில் வலை பின்னும் இடத்தருகே ஒரு தொட்டி வைப்போம். கிழிந்த வலை, அறுந்த தங்கூசி, உடைந்த மிதவை எல்லாம் அதில் சேரட்டும். கைப்பிடி அளவு நூல்தானே என்று மணலில் விட்டால், அடுத்த அலை அதை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு சாக்கு இருக்கட்டும். வலையில் ஏறிய பிளாஸ்டிக் அந்தச் சாக்கில் கரை சேரட்டும். அதை வாங்கிக்கொள்ள நிலையான ஏற்பாடு வேண்டுமென்று ஊராட்சியையும் மீன்வளத் துறையையும் ஊர் கூடிக் கேட்போம்.

மூன்றாவது, திருவிழா. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி முதல் தடை உண்டு. சட்டத்துக்குப் பயந்து அல்ல, மாதாவின்மேல் உள்ள அன்பினால் இதைச் செய்வோம். அசன விருந்து வாழை இலையில் நடக்கட்டும்; தண்ணீர் பானையிலும் குவளையிலும் இருக்கட்டும்; தோரணம் தென்னங்குருத்திலும் துணியிலும் ஆடட்டும். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, ஒவ்வோர் அன்பியத்தாரும் கூடை எடுத்துக் கடற்கரைக்கு வரட்டும்.

நான்காவது, ஆமையோ ஆவுளியாவோ வலையில் சிக்கினால் உயிரோடு விடுவிப்போம். அதற்காக வலையை அறுக்க நேர்ந்தவனுக்கு அந்த நட்டத்தைத் தனியே சுமக்க விடாமல், ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து கைகொடுப்போம். தருமம் ஒருவன் தலையிலும் புகழ் ஊரார் தலையிலும் விழக் கூடாது அல்லவா?

இவ்வளவு பெரிய கடலுக்கு இந்தச் சிறு கூடை எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஐயாயிரம் பேருக்கு இரண்டு மீன் எம்மாத்திரம் என்று அந்திரேயாவுக்கும் தோன்றியது. இருப்பதைக் கொண்டுவந்ததுதான் அவர் செய்தது.

யூபிலி ஆண்டில் பிறரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டம். கடலோடு நமக்குள்ள கணக்கோ வேறு விதம். நாம் கொடுத்ததைத் திரும்ப எடுக்க வேண்டும். அதுதான் நாம் பட்ட கடன். இன்று முதற் சற்பிரசாதம் வாங்கிய சிறுவர் சிறுமியர், நூற்றாண்டு விழாவின்போது பெரியவர்களாக இந்த முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கோவில் இருக்கும், மணி ஒலிக்கும். கடலில் மீன் இருக்குமா என்பது இப்போதிருந்தே நாம் செய்வதைப் பொறுத்தது.

கடலின் விண்மீனாம் நம் அன்னை மரியாள், கடல்மேல் செல்லும் நம் மக்களையும், கடலுக்குள் வாழும் சகல உயிர்களையும் தம் திருக்குமாரனிடம் பரிந்து பேசிக் காப்பாராக. 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!